மேல் மஞ்சள், கீழ் மஞ்சள்

ஹால்வர் க்ரீக், மினசோட்டா
ஆகஸ்ட் 4, 1986

திரு. டெல்மர் ரஸ்காவுக்கு,

உங்கள் முகவரியை விசாரணை அதிகாரி எனக்குத் தர மறுத்துவிட்டார். உங்கள் விமானத்தின் வால் எண்ணை வைத்து நானே தேடி எடுத்தேன்.

ஜூலை 26, சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு இருபது. விமானிகள் வருஷம்தோறும் கூடும் கெவாஸ்கா விமானக் கூட்டத்தில் நான் ஓடுபாதையில் இறங்கிக்கொண்டிருந்தபோது, என் தலைமேல் ஒருவர் தன் விமானத்தை இறக்கினார். அந்த ஒருவர் நீங்கள். கீழே இருந்த மஞ்சள் விமானம் என்னுடையது.

விதிகளை அச்சடித்து எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்கள். உங்களுக்கும் வந்திருக்கும். ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக, அரை மைல் இடைவெளியில், ஆயிரத்து எண்ணூறு அடி உயரத்தில், தொண்ணூறு நாட் வேகத்தில் வர வேண்டும். ரேடியோவில் வாய் திறக்கக் கூடாது. மேட்டில் பைனாகுலரோடு நிற்கும் கன்ட்ரோலர் விமானத்தின் நிறத்தைச் சொல்லிக் கூப்பிடுவார். கேட்டது என்பதற்கு அடையாளமாக இறக்கையை ஆட்ட வேண்டும். ஓடுபாதையில் வண்ணப் புள்ளிகள் போட்டிருக்கும், அவர் சொல்கிற புள்ளியில் இறங்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும்.

என்னை அவர் கூப்பிட்டார். "சிவப்பு ரெட்டை இறக்கைக்குப் பின்னாடி வர்ற மஞ்சள், இறக்கையை ஆட்டுங்க." ஆட்டினேன். "அருமையா ஆட்டுனீங்க மஞ்சள். வலது பக்கம் திரும்பிப் போயி, பச்சைப் புள்ளி மேல இறங்குங்க." திரும்பினேன். சக்கரம் தரையைத் தொடப் பத்தடி இருந்தபோது கோபுரத்திலிருந்து கத்தல்: "கீழ் மஞ்சள், அப்படியே இறங்குங்க! மேல் மஞ்சள், ஏறுங்க, ஏறுங்க, ஏறுங்க!"

எனக்கு மேலே இன்னொரு மஞ்சள் இருக்கிறது என்பதே அப்போதுதான் தெரியும். என் விமானத்தின் இறக்கை தலைக்கு மேலே இருக்கிறது. என்னால் மேலே பார்க்க முடியாது. உங்களுடையது காலுக்குக் கீழே. உங்களால் கீழே பார்க்க முடியாது. அதனால்தான் வரிசை என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

உங்கள் சக்கரம் என் வலது இறக்கையில் இடித்தது. விமானம் ஓடுபாதையை விட்டுப் புல்லுக்குப் போய், முன்சக்கரம் ஒடிந்து, குப்புறக் கவிழ்ந்தது. பக்கத்து இருக்கையில் என் கணவர் லீலண்ட். பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, "ஆர்டிஸ், பெட்ரோல் வாடை வருது, நீ முதல்ல வெளிய போ" என்றார். அவரால் போக முடியவில்லை. இடுப்பு எலும்பு உடைந்திருந்தது.

ஒரே ஒரு கேள்வி. எனக்குப் பின்னால் அரை மைலில் வந்துகொண்டிருந்தது ஒரு வெள்ளை விமானம். ரயில் பாதையில் வரிசையில் சேரும்போது என் கண்ணாலேயே பார்த்தேன். மஞ்சள் எதுவும் இல்லை. நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள்? மேகத்திலிருந்து குதித்தீர்களா?

எழுத்தில் பதில் வேண்டும்.

ஆர்டிஸ் நைகார்ட்

*

ப்ரோக்கன் ஃபோர்க், நெப்ராஸ்கா
ஆகஸ்ட் 13, 1986

திருமதி நைகார்ட் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வாசித்ததும் கையில் இருந்த காபியை மேசையில் வைத்துவிட்டேன், அவ்வளவு சூடு அதில்.

நான் யாரென்று முதலில் சொல்லிக்கொள்கிறேன். முப்பத்தோரு வருஷமாக விமானம் ஓட்டுகிறேன். எங்கள் ஊர்த் தானியக் கிடங்கை இருபது வருஷம் நிர்வகித்தவன். இந்த மாவட்ட விமானிகள் சங்கத்துக்கு ஆறு வருஷமாக நான்தான் தலைவர். இந்த வருஷம் வேறு யாராவது நில்லுங்களேன் என்று கெஞ்சினேன், ஒருத்தரும் கையைத் தூக்கவில்லை. இத்தனை வருஷத்தில் என் விமானத்தில் ஒரு கீறல் கிடையாது. இப்படிப்பட்டவனிடம் பள்ளிக்கூடப் பிள்ளை என்று பேசுகிறீர்கள்.

"சிவப்பு ரெட்டை இறக்கைக்குப் பின்னாடி வர்ற மஞ்சள்" என்று கன்ட்ரோலர் கூப்பிட்டது என்னை. அந்தச் சிவப்பு விமானம் எனக்கு நேர் முன்னால் போய்க்கொண்டிருந்தது. எனக்கும் அதற்கும் நடுவே ஒரு ஈ கூட இல்லை. நான் இறக்கையை ஆட்டினேன். "அருமையா ஆட்டுனீங்க" என்றார். திரும்பினேன். பச்சைப் புள்ளி என்றார், பச்சைப் புள்ளிக்குப் போனேன். கீழே விளைந்து பழுத்த ஓட்ஸ் வயல். அதன்மேல் ஒரு மஞ்சள் விமானம் ஊர்ந்து போனால் ஆண்டவனுக்கே தெரியாது. ஊர்ந்து என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

அடுத்தது: என் சக்கரம் உங்கள் மேல் படவே இல்லை. கோபுரத்தில் கத்தியதும் நான் ஏறிவிட்டேன். நீங்கள் பயந்துபோய்த் திருப்பிப் புல்லில் விட்டீர்கள். பெண்கள் விமானம் ஓட்டக் கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை, எங்கள் சங்கத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆனால் பதற்றம் என்று ஒன்று இருக்கிறது. அதை மேலே இருந்தவன் தலையில் கட்டாதீர்கள்.

உங்கள் கணவரின் இடுப்புக்காக வருந்துகிறேன். இந்த வரியை என் மனைவி ரோஸலி எழுதச் சொன்னாள். அவளும் அன்று என்னோடுதான் இருந்தாள். ஆனால் வருத்தம் எனக்கும்தான்.

டெல்மர் ரஸ்கா

*

ஹால்வர் க்ரீக்
ஆகஸ்ட் 20, 1986

திரு. ரஸ்காவுக்கு,

திருமதி அல்ல, டாக்டர் நைகார்ட். மாட்டு வைத்தியம் பார்க்கிறேன். நூறு மைல் சுற்றளவுக்கு ஒரே வைத்தியர் நான்தான். அந்த விமானத்தை நான் வேடிக்கைக்காக வைத்திருக்கவில்லை. நேற்று விடிகாலை ஒரு பண்ணையிலிருந்து கூப்பிட்டார்கள். கன்று குறுக்கே கிடக்கிறது, பசு நின்றபடியே நடுங்குகிறது. முன்பென்றால் நாற்பது நிமிஷத்தில் அவர்கள் புல்வெளியில் இறங்கியிருப்பேன். இப்போது ஏரிகளைச் சுற்றிச் சுற்றிப் போகும் சாலையில் இரண்டரை மணி நேரம். நான் போய்ச் சேர்ந்தபோது கன்றும் இல்லை, பசுவும் இல்லை. பண்ணைக்காரர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, "பரவால்ல டாக்டர், வந்ததுக்கு நன்றி" என்றார். அந்த நன்றியைத் தூக்கிக்கொண்டு இரண்டரை மணி நேரம் திரும்பி ஓட்டினேன். உங்களைத்தான் நினைத்துக்கொண்டு.

பதற்றம் பற்றி எழுதியிருந்தீர்கள். பசுவின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டு, அதன் உதைக்குத் தப்பி நிற்கிறவள் நான். பதற்றம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்று இருந்தது அது அல்ல.

என் வலது இறக்கையின் மேல்தகட்டில் கையகலப் பள்ளம். அதை ஒட்டி இரண்டடி நீளத்துக்குக் கறுப்பு ரப்பர் தடம். உங்கள் சக்கரம் படவில்லை என்றால், அன்று வானத்தில் வேறு எந்தச் சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது?

அப்படி உரசியிருந்தால் உங்கள் டயரில் என் சாயம் ஒட்டியிருக்க வேண்டும். உங்களுடையது எலுமிச்சை மஞ்சள். என்னுடையது வெண்ணெய் மஞ்சள். குழப்பிக்கொள்ள வழியில்லை. அதிகாரியிடம் கேட்டேன். "மாலையில போயி பாத்தோம் டாக்டர், டயர் சுத்தமா இருந்துச்சு" என்றார். முதல் நாள் மழை பெய்த புல்வெளியில் உருட்டிக்கொண்டு போய் நிறுத்திய விமானம். அதன் டயர் சுத்தமாக இருந்ததாம்! என் அறுவை மேசைகூட அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

எங்கிருந்து வந்தீர்கள் என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. மறந்துவிட்டீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

டாக்டர் ஆர்டிஸ் நைகார்ட்

*

ப்ரோக்கன் ஃபோர்க்
செப்டம்பர் 2, 1986

டாக்டர் நைகார்ட் அவர்களுக்கு,

டாக்டர் என்று எழுதிவிட்டேன், திருப்திதானே.

உங்கள் பசுவுக்காக வருந்துகிறேன், இதை யாரும் எழுதச் சொல்லவில்லை. ஆனால் நெப்ராஸ்காவில் ஒரு கிழவன் உட்கார்ந்து உங்கள் மாட்டைக் கொன்றான் என்று எழுதுவது கொஞ்சம் அதிகம்.

டயர் பற்றி அதிகாரி என்ன எழுதினாரோ அதுதான். நான் மேலே சொல்ல எதுவும் இல்லை.

நீங்கள் விசாரணையில் எழுதிக் கொடுத்ததன் நகல் எனக்கும் வந்தது. 'தொண்ணூறு நாட் வேகத்தில் வந்தேன்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். உங்களுக்குப் பின்னால் வந்த அந்த வெள்ளை விமானக்காரர் கான்ஸஸ் மாநிலத்துக்காரர். அவரைத் தேடிப் பிடித்துத் தொலைபேசியில் பேசினேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அந்த மஞ்சளு நடந்து போச்சுங்க. நானும் இப்படி அப்படி வளைஞ்சு வளைஞ்சு பாத்தேன், மேல ஏறிருவேன் போலிருந்துச்சு. சரிதான் போன்னு இடது பக்கம் கழண்டு வெளிய போயிட்டேன்."

அவர் கழன்றுகொண்டதால்தான் உங்களுக்குப் பின்னால் இடம் காலியானது. நீங்கள் மெதுவாகப் போனதால்தான் உங்களுக்கும் அந்தச் சிவப்புக்கும் நடுவே ஒரு ஊரே குடியிருக்கும் அளவு இடம் விழுந்தது. தொண்ணூறா, டாக்டர்? பைபிள் மேல் கைவைத்துச் சொல்வீர்களா?

டெ. ரஸ்கா

*

ஹால்வர் க்ரீக்
செப்டம்பர் 9, 1986

திரு. ரஸ்காவுக்கு,

என் வேகத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதை விசாரணையில் சொல்லிவிட்டேன். அதைப் பற்றி எனக்கு இனி எழுதாதீர்கள்.

அடுத்த வாரம் லீலண்டுக்கு இரண்டாவது அறுவை சிகிச்சை. முதலில் வைத்த தகடு சரியாக உட்காரவில்லை.

ஆ. நைகார்ட்

*

ப்ரோக்கன் ஃபோர்க்
அக்டோபர் 5, 1986

டாக்டர் நைகார்ட் அவர்களுக்கு,

மில்வாக்கியில் வியாழக்கிழமை விசாரணையில் கன்ட்ரோலர் பேசிய ஒலிநாடாவைப் போட்டார்கள். உங்களுக்கும் அழைப்பு வந்திருக்கும். உங்கள் நாற்காலி காலியாக இருந்தது. அங்கே நடந்தது அறிக்கையாக உங்களுக்கு வரும். அதற்குள் என் கையால் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ரோஸலி என்னோடு பேசி மூன்று நாளாகிறது, வீட்டில் எழுதுவதற்கு நல்ல அமைதி.

முதலில் உங்களைக் கூப்பிட்டதைப் போட்டார்கள். என்னைக் கூப்பிட்டது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேனே, அது. பிறகு நாடாவைப் பின்னுக்கு ஓட்டினார்கள். அதற்கும் முன்னால் இன்னொன்று இருந்தது. "ஏரிப் பக்கமிருந்து குறுக்க வர்ற மஞ்சள், இறக்கை கீழ இருக்கற மஞ்சள், வரிசையில நுழையாதீங்க. இடது பக்கம் திரும்பி ஏரிக்கே போங்க." பத்து நொடி கழித்து மறுபடியும் அதே. குரலில் கோபம் கூட இல்லை. சாலையில் மாடு மறித்தவனிடம் பேசுவது போலத் தன்மையாகச் சொல்கிறார்.

அதிகாரி நாடாவை நிறுத்தினார். "இது உங்க காதுல விழுந்துச்சா, மிஸ்டர் ரஸ்கா?"

"இல்லை" என்றேன்.

எனக்குப் பக்கத்தில் ரோஸலி. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், "விழுந்துச்சு சார்" என்றாள். "டெல்மர், அவரு நம்மளத்தான் சொல்றாரு, திரும்புன்னு நானே இவர்கிட்ட சொன்னேன். இவரு, நீ ஜன்னல்ல வேடிக்கை பாருன்னாரு."

"ரோஸலி, நீ சும்மா இரு."

"முப்பத்தெட்டு வருஷமா சும்மாதான் இருந்தேன்" என்றாள். "அந்த ஆளோட இடுப்பு போச்சு. நான் பொய்யில கையெழுத்துப் போட மாட்டேன்."

அந்த அறையில் ஏழு பேர். எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள்.

எங்கிருந்து வந்தேன் என்று கேட்டீர்கள். ஏரியிலிருந்து. கூட்டம் அதிகம் என்று எங்களை ஏரிமேல் சுற்றச் சொல்லியிருந்தார்கள். முப்பது விமானம், ஒரே வட்டம், ஐம்பது நிமிஷம். காலையில் வழியில் இறங்கிய இடத்தில் பெட்ரோலுக்கு நீண்ட வரிசை. இருப்பது போதும் என்று கிளம்பிவிட்டேன். ஏரிமேல் முள் இறங்கிக்கொண்டே வந்தது. பெட்ரோல் குறைவு என்று ரேடியோவில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உடனே வழி விட்டிருப்பார்கள், அதற்கு விதியே இருக்கிறது. சங்கத் தலைவர் பெட்ரோல் இல்லாமல் வந்தான் என்று ஊர் பேசுமே என்று சொல்லவில்லை. வட்டத்தை அறுத்துக்கொண்டு குறுக்கே வந்தேன். சிவப்பு விமானம் தெரிந்தது. பின்னால் இடம் தெரிந்தது. உங்களைத் தெரியவில்லை. அது மட்டும் சத்தியம்.

இனி டயர்.

இரண்டாவது ஓடுபாதையில் இறங்கி, புல்லில் நிறுத்தி, சுற்றி வந்து பார்த்தேன். வலது டயரில் உங்கள் வெண்ணெய் மஞ்சள். நல்ல தடிமனாக. தூரத்தில் சைரன் கேட்டது. அது எங்கே போகிறது, உள்ளே இருந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. அதற்கு முன்னால் துணியைப் பெட்ரோலில் நனைத்துத் துடைத்தேன். துடைத்த பிறகுதான் கேட்டேன். இதையும் அன்று அந்த அறையில் சொன்னேன். இதை எந்த நாடாவும் பதிவு செய்யவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, ரோஸலியைத் தவிர.

மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். கேட்டால் கொடுக்கிற ஆள் இல்லை நீங்கள், உங்கள் கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் நீங்கள் தொண்ணூறில் வரவில்லை. அது உங்களுக்கும் தெரியும்.

டெல்மர் ரஸ்கா

*

ஹால்வர் க்ரீக்
அக்டோபர் 19, 1986

திரு. ரஸ்காவுக்கு,

உங்கள் கடிதத்தை லீலண்டிடம் காட்டவில்லை. கொட்டகையில் நின்று வாசித்தேன். வாசித்து முடித்ததும் கையில் இருந்த வாளியை எறிந்தேன். அது சுவரில் பட்டு நசுங்கிவிட்டது.

குறுக்கே வந்ததைக்கூட விடுங்கள். பயந்த மனிதன் முட்டாள்தனம் செய்வான். மாடும் செய்யும். ஆனால் அந்தத் துணி! நான் என் கணவரின் பெல்ட்டை அறுக்கக் கத்தி தேடிக்கொண்டிருந்தபோது, கால் மைல் தள்ளி நின்று ஒருவர் துணியை நனைத்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு ஆகஸ்ட்டில் உட்கார்ந்து எனக்குப் 'பதற்றம்' என்று எழுதினார். சக்கரம் படவே இல்லை என்று எழுதினார். அந்தக் கடிதத்தை எழுதிய கையும் துடைத்த கையும் ஒன்றுதானே? உங்கள் மனைவி மூன்று நாள்தான் பேசாமல் இருந்தாரா? பொறுமைசாலி.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். உங்களுக்காகச் சொல்லவில்லை.

அறுபத்தைந்து.

லீலண்ட் புது கேமரா கொண்டுவந்திருந்தார். அந்தச் சிவப்பு ரெட்டை இறக்கையின் மேல் வெயில் விழுந்து, ரயில் பாதைக்கு மேலே அழகாகப் போய்க்கொண்டிருந்தது. "கொஞ்சம் மெதுவாப் போயேன் ஆர்டிஸ், ஆடாம ஒண்ணு எடுத்துக்கறேன்" என்றார். வேகத்தைக் குறைத்தேன். "இன்னொண்ணு" என்றார். இன்னும் குறைத்தேன். அரை மைல் ஒன்றரை மைலானதை நான் கவனிக்கவில்லை. பின்னால் வந்த வெள்ளை விமானம் கழன்று போனதையும் கவனிக்கவில்லை. உங்கள் ஊர்தல் என்ற சொல் சரி.

லீலண்ட் மருத்துவமனையில் இருந்தபோது படச்சுருள் கழுவி வந்தது. கடைசிப் படத்தில் அந்தச் சிவப்பு விமானம் ஒரு எறும்பு அளவுக்கு இருக்கிறது. பார்த்ததும் உறையைப் பசு மருந்து அலமாரிக்குப் பின்னால் சொருகினேன். அதன் பிறகுதான் தொண்ணூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். லீலண்ட் படங்களைக் கேட்டபோது, ஒளி பட்டுக் கெட்டுவிட்டது என்று சொன்னேன். தான் கேட்டதால்தான் இப்படி ஆனது என்று அவர் நினைத்துவிடுவார், அதனால் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை.

நேற்று அந்தப் படத்தையும், திருத்திய வாக்குமூலத்தையும் அதிகாரிக்கு அனுப்பிவிட்டேன். லீலண்டிடமும் சொன்னேன். அவர், "படம் நல்லா வந்துருக்கா?" என்று கேட்டார்.

நாம் சமம் ஆகிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். நான் ஒரு படத்தை ஒளித்தேன். நீங்கள் சைரன் கேட்கும்போது துடைத்தீர்கள்.

ஆர்டிஸ் நைகார்ட்

*

ப்ரோக்கன் ஃபோர்க்
மார்ச் 11, 1987

டாக்டர் நைகார்ட் அவர்களுக்கு,

தீர்ப்பு உங்களுக்கும் வந்திருக்கும். என் உரிமத்தை ஒரு வருஷம் எடுத்துக்கொண்டார்கள். திரும்ப வேண்டுமென்றால் அறுபத்துநாலு வயதில் முதலிலிருந்து பரீட்சை. உங்களுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். அறுபத்தைந்து நாட் வேகத்துக்கும் பொய்க் கையெழுத்துக்கும் ஒரு காகிதம்! வாசித்துவிட்டு அரை மணி நேரம் சத்தம் போட்டேன். ரோஸலி கொலாச்சி பன்னுக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டாள். கடைசியில், "முடிஞ்சுதா?" என்றாள். முடிந்தது.

சங்கத் தலைவர் பதவியை விட்டேன். இந்தத் தடவை கையைத் தூக்க ஐந்து பேர் இருந்தார்கள்.

வேறு ஒரு விஷயத்துக்காக எழுதுகிறேன். வீட்டில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துப் பார்த்து நான் உருப்படாமல் போய்க்கொண்டிருக்கிறேன். ரோஸலி ஒரு யோசனை சொன்னாள். "ஓட்டத்தான் கூடாதுன்னாங்க. வாயத் தொறந்து பேசக் கூடாதுன்னு சொல்லலியே. போயி அந்தப் பெட்ரோல் பம்ப்புல நில்லு. உன்ன மாதிரி பாதி டேங்க்கோட கெளம்புற மகராசனுங்களப் புடிச்சு நிறுத்து." ட்ரையான் விமானத் தளம், கெவாஸ்காவுக்கு முன்னால் எல்லோரும் பெட்ரோலுக்கு இறங்கும் இடம். அங்கே எழுதிக் கேட்டேன். வரச் சொல்லிவிட்டார்கள். ஜூலையில் அந்த வாரம் முழுக்க அங்கே இருப்பேன். காரில்தான் போக வேண்டும், ஐந்நூற்றைம்பது மைல்.

நீங்கள் வழக்கமாக ட்ரையானில்தான் இறங்குவீர்கள் என்று உங்கள் வாக்குமூலத்தில் பார்த்தேன். உங்கள் விமானத்தை ரிப்பேர் செய்து முடித்துவிட்டார்கள் என்றும் கேள்வி. என் முகத்தில் விழிக்க விருப்பம் இருக்காது. வேறு தளம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் எழுதினேன். எனக்கும் உங்கள் முகத்தைப் பார்க்கும் ஆசை ஒன்றும் இல்லை.

டெல்மர் ரஸ்கா

*

ஹால்வர் க்ரீக்
ஆகஸ்ட் 3, 1987

திரு. ரஸ்காவுக்கு,

ஒரு ஆளுக்காக நான் பாதை மாற்றிக்கொள்வதில்லை. அதனால்தான் ட்ரையானில் இறங்கினேன். வேறு காரணம் எதுவும் தேட வேண்டாம்.

நீங்கள் என் வால் எண்ணைப் பார்த்ததை நான் பார்த்தேன். கையில் பெட்ரோல் அளக்கும் குச்சியோடு அப்படியே நின்றுவிட்டீர்கள். உங்களை மிகப் பெரிய உடம்பாகக் கற்பனை செய்து வைத்திருந்தேன், ஏன் என்று தெரியவில்லை. நீங்கள் என் தோள் உயரம்தான் இருக்கிறீர்கள். மேசைக்குப் பின்னால் காபி ஊற்றிக்கொண்டிருந்த அம்மாள், உங்கள் ரோஸலியாகத்தான் இருக்க வேண்டும், உங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கெட்டிலைக் கீழே வைத்தார்.

எனக்கு முன்னால் நின்ற டெக்ஸஸ்காரரிடம் நீங்கள் பேசியதைக் கேட்டேன். அவர், "பெரியவரே, எனக்குப் பாதி டேங்க் போதும், விடுங்க" என்றார். நீங்கள், "போன வருஷம் நானும் இங்க நின்னு இதேதான் சொன்னேன். ஒரு மனுஷனோட இடுப்ப ஒடச்சேன். ஒடச்சிட்டு டயரத் தொடச்சேன். நிரப்பிட்டுப் போங்க" என்றீர்கள். அவர் நிரப்பிக்கொண்டார். இதை ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் சொல்கிறீர்கள் என்று தெரியாது. அத்தனை பேர் முன்னால் டயரையும் சேர்த்துச் சொல்வீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பிறகு என் முறை.

"ஏரி மேல ஒரு மணி நேரம் சுத்தவிட்டாலும் தாங்குமா?" என்றீர்கள், என் முகத்தைப் பார்க்காமல்.

"தாங்கும்."

"அளந்து பாத்துட்டுச் சொல்றேன்."

ஏணியில் ஏறி அளந்தீர்கள். என் புது இறக்கையை ஊன்றிக்கொள்ளாமல் ஏறியதைக் கவனித்தேன். இறங்கி வந்து, "வலது பக்கம் ரெண்டு விரக்கடை கொறையுது, ஊத்திக்குங்க" என்றீர்கள். ஊற்றிக்கொண்டேன். "தொண்ணூறுல போங்க" என்றீர்கள். "தெரியும்" என்றேன். "அவரு எப்படி இருக்காரு?" என்றீர்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தப் பதிலுக்காகத்தான் இப்போது எழுதுகிறேன் என்று நினைக்கிறேன். ஊன்றுகோலோடு நடக்கிறார். மழைக் காலத்தில் வலிக்கிறது. இனி விமானத்தில் ஏற மாட்டேன் என்கிறார், ஏறவில்லை.

அன்று ஏரியில் ஐம்பத்தைந்து நிமிஷம் சுற்ற விட்டார்கள். வட்டத்தில் எனக்கு முன்னால் நீல விமானம், பின்னால் வெள்ளை விமானம். நாற்பதாவது நிமிஷத்தில், குறுக்கே ஒரு கோடு போட்டால் ஆறு நிமிஷத்தில் மேட்டுக்குப் போய்விடலாம் என்று கண் தானாக அளந்தது. டேங்கை நிரப்பியிருந்தேன், முள் பாதிக்குக்கூட இறங்கவில்லை, அப்படியும் கண் அளந்தது. நீங்கள் செய்ததை நான் மன்னிக்கவில்லை. அது எப்படிப்பட்ட கணம் என்று மட்டும் தெரிந்துகொண்டேன்.

வட்டத்தை முழுசாக முடித்தேன். ரயில் பாதையின் தொடக்கத்துக்கே போய் வரிசையில் சேர்ந்தேன். தொண்ணூறு. மேட்டிலிருந்து, "நீலத்துக்குப் பின்னாடி வர்ற மஞ்சள், இறக்கை மேல இருக்கற மஞ்சள், ஆட்டுங்க" என்றார்கள். ஆட்டினேன். "வந்து சேந்தீங்களே மஞ்சள், நல்லா இருங்க" என்றது அந்தக் குரல். ஆரஞ்சுப் புள்ளியில் இறங்கினேன். கொடி காட்டியவர்கள் புல்வெளியில் ஒரு இடம் காட்டினார்கள்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் லீலண்ட் நின்றிருந்தார். எனக்குத் தெரியாது. முதல் நாளே பஸ் பிடித்து வந்திருக்கிறார். காலையிலிருந்து ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு மஞ்சள் விமானமும் இறங்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். பக்கத்தில் நின்ற அம்மாள்தான் சொன்னார்.

"ரொம்ப நேரமாச்சே ஆர்டிஸ், பெட்ரோல் பத்துச்சா?" என்றார்.

"பத்துச்சு. ட்ரையான்ல ஒருத்தர் ஏணில ஏறி அளந்து பாத்துதான் அனுப்பினாரு."

"நல்ல மனுஷன்" என்றார் லீலண்ட். "யாரு அது?"

நான் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த ஊன்றுகோலோடு அடுத்த பஸ்ஸைப் பிடித்து உங்கள் கையைக் குலுக்க வந்திருப்பார். அவர் அப்படிப்பட்டவர். நான் அப்படிப்பட்டவள் அல்ல.

ஆர்டிஸ் நைகார்ட்